உப்பைத் தேர்ந்தெடுக்கும் பாசி



வீட்டின் பின்புறம் ஆசையோடு மிளகாய்ச் செடி வைக்கிறோம். சீக்கிரம் காய்க்கட்டும் என்று தூரிலேயே கைநிறைய உரத்தைக் கொட்டுகிறோம். இரண்டு நாளில் செடி வாடிவிடுகிறது. ‘காசு கொடுத்து வாங்கிய உரமாயிற்றே, ஏன் இப்படி?’ என்று வருந்துகிறோம். இதற்கு விடை காண, இன்று நாம் ஒரு குளத்துப் பாசியிடம் பாடம் கேட்போம்.

அந்தப் பாசியின் பெயர் காரா. நிட்டெல்லா என்பது அதன் நெருங்கிய உறவு. இரண்டும் தெளிந்த நன்னீரின் அடியில் சிறு புதர்போல வளர்பவை. உயிர்கள் எல்லாம் உயிரணுக்களால் ஆனவை. பெரும்பாலான உயிரணுக்களை வெறுங்கண்ணால் காண முடியாது. ஆனால் இந்தப் பாசியின் தண்டில், ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடைப்பட்ட பகுதி முழுவதும் ஒரே உயிரணு! அது பல சென்டிமீட்டர் நீளம்கூட வளரும். அதனுள் உயிர்ச்சாறு ஓயாமல் சுற்றி ஓடுவதை 1774-ஆம் ஆண்டிலேயே இத்தாலியரான கோர்ட்டி கண்டறிந்தார்.

1923-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹோக்லண்ட், டேவிஸ் என்ற இருவர், நிட்டெல்லாவின் உயிரணுச் சாற்றைச் சோதித்து ஆராய்ச்சி முடிவை வெளியிட்டனர். அது வளர்ந்த நீரில் இருந்ததைவிட ஆயிரம் மடங்கு பொட்டாசியம் அந்தச் சாற்றில் இருந்தது. நாம் ‘பொட்டாஷ்’ உரமாக இடுகிறோமே, அதிலுள்ள சத்துதான் இது.

இது எப்படி முடிந்தது? தண்ணீரில் போட்ட சர்க்கரை, அடர்ந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பரவுகிறது. அதுபோல் பொட்டாசியமும் வெளியே போய்விட வேண்டுமல்லவா? போகவில்லை. காரணம், உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு.

உப்பு நீரில் கரையும்போது மின்னூட்டம் கொண்ட துகள்களாகப் பிரிகிறது. இவற்றை அயனிகள் என்பர். சவ்வில் நுண்ணிய பம்புகள் உண்டு. அவை உணவிலிருந்து கிடைக்கும் சக்தியைச் செலவிட்டு, நேர்மின் கொண்ட ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகின்றன. அதனால் உட்புறம் எதிர்மின் பெறுகிறது. இந்த மின்னழுத்தம் டார்ச் விளக்குப் பேட்டரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. எதிர்மின் நேர்மின்னை இழுக்கும். ஆகவே, நேர்மின் கொண்ட பொட்டாசியம் தனக்கென்று உள்ள வாசல் வழியாக உள்ளே வந்து தங்குகிறது.

பாசியை மின்சாரத்தால் தூண்டினாலோ, வேறொரு வாசல் திறக்கிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது, குளோரைடு வெளியேறுகிறது. ஓடிக்கொண்டிருந்த உயிர்ச்சாறு சட்டென்று நின்றுவிடுகிறது! சிறிது நேரம் சென்றபின் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. இந்த மின்துடிப்பை 1938-இல் நிட்டெல்லாவில் ஆராய்ந்த கோல், கர்ட்டிஸ் இருவரும், மறு ஆண்டு கணவாய் மீனின் நரம்பிலும் அதே முறையில் சோதனை நடத்தினர். முள் குத்தினால் நம் நரம்பில் ஓடும் செய்தியும் அயனிகளின் போக்குவரத்துதான்.

இனி நம் மிளகாய்ச் செடிக்கு வருவோம். அதன் வேரிலும் இத்தகைய சவ்வும் பம்பும் இருக்கின்றன. உரத்தைக் குவித்தால் மண்ணின் ஈரம் மிகவும் உப்பாகிறது. அப்போது வேர் நீரை உறிஞ்ச முடிவதில்லை. வேரிலுள்ள நீரே வெளியே இழுக்கப்படலாம். செடி வாடுகிறது. நீர் தேங்கினாலும் ஆபத்துதான். வேருக்குக் காற்றுக் கிடைக்காது, சக்தி குறையும், பம்பு தளரும். பக்கத்திலேயே உரம் இருந்தும் செடி பட்டினி கிடக்கும்.

ஆகவே, உரத்தைச் சிறிது சிறிதாக, தூரை விட்டுத் தள்ளி, ஈரமான மண்ணில் பரவலாக இடுவோம். தேங்கும் நீருக்கு முதலில் வடிகால் வெட்டுவோம். செடிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைவிட, அதன் வேரால் எவ்வளவு எடுத்துக்கொள்ள முடியும் என்பதே முக்கியம்.