பல்லும் கிணறும்

ஆசிரியத் தொழிலில் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தவன் நான். அந்த நீண்ட காலத்தில் மாணவர்க்குச் சொன்ன நல்ல சொற்களிற் பெரும்பாலானவை எனக்கே மறந்துவிட்டன. சொல்லத்தகாத ஒரு சொல் மட்டும் மறக்கவில்லை. 1979ஆம் ஆண்டு, வவுனியா மாவட்டத்துக் கிராமப் பாடசாலை ஒன்றிலே, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்த்து வகுப்பார் அனைவரும் கேட்கச் சொன்ன சொல் அது.

வடமராட்சியிலிருந்து முதன்முறையாக வன்னிக்கு மாற்றலாகிச் சென்ற காலம். பேச்சுப் போட்டிக்கு மாணவரைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்தச் சிறுவன் எழுந்து நின்று பேசினான். குரல் கணீரென்று இருந்தது, உச்சரிப்பிலே பிழையில்லை, லகரமும் ளகரமும் தம்தம் இடத்தில் நின்றன. ஆனால் அவன் வாய் திறந்தபோதெல்லாம் என் கண் அவன் முன்பற்களையே நாடியது. அவற்றில் வெண்திட்டுகளும், குறுக்கே ஓடிய பழுப்புக் கோடுகளும், ஆங்காங்கே சிறு குழிகளும் காணப்பட்டன. பேசி முடித்ததும், "பல்லைத் துலக்கத் தெரியாத நீ தமிழை எப்படித் துலக்கப் போகிறாய்? உமிக்கரிக்கும் பஞ்சமா உன் வீட்டில்?" என்றேன். வகுப்பு சிரித்தது. சிலேடை நன்றாக அமைந்துவிட்டது என்று நானும் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் அவன் தாயார் வந்தார். செங்கல்லை இடித்துத் தூளாக்கி, கரியோடு கலந்து, முரசு கிழிந்து இரத்தம் வரும்வரை பிள்ளை பல்லைத் தேய்த்திருக்கிறான். அந்த அம்மையார் கோபிக்கவில்லை. "மாஸ்டர், அவன் பல்லு விளக்காத பிள்ளையில்லை. இந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்த பிள்ளையளுக்கெல்லாம் இப்பிடித்தான். என்ரை பல்லையும் பாருங்கோ" என்று சொல்லித் தம் வாயைத் திறந்து காட்டினார். எழுத்தறியாத அந்தத் தாய் அன்று சொன்ன வாக்கியம், அமெரிக்காவில் ஒரு வைத்தியர் முப்பது ஆண்டுகள் அலைந்து கண்ட முடிபு என்பதை நான் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன்.

அந்த வைத்தியர் பிரெடெரிக் மக்கே என்பவர். 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிலே பல்வைத்தியம் தொடங்கிய அவர், அவ்வூரிற் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களிலே இத்தகைய பழுப்புக் கறையைக் கண்டார். பெரியவரான பின் அவ்வூருக்குக் குடிவந்தோரிடம் அக்கறை இல்லை. நீரிலே ஏதோ உண்டு என்று அவர் ஐயுற்றார். யாது என்பதைக் கண்டுபிடிக்க அக்காலத்து இரசாயனப் பரிசோதனைகள் போதவில்லை. ஆர்கன்சோ மாநிலத்தில் அலுமினியத் தாது அகழும் பொக்சைட் என்னும் ஊரிலும் அதே கறை தோன்றவே, அலுமினியக் கம்பனியின் இரசாயனர் சேர்ச்சில் 1931இல் அவ்வூர் நீரை நுணுகி ஆராய்ந்தார். குற்றவாளி புளோரைட்டு எனத் தெரிந்தது. மக்கே வேறொன்றையும் குறித்து வைத்திருந்தார்: கறைபட்ட அந்தப் பற்களில் சூத்தை குறைவு.

இங்கேதான் விடயம் சிக்கலாகின்றது. பல்லின் மேலுறையாகிய மிளிரி நம் உடம்பிலே மிகக் கடினமான பொருள். (மிளிர்வதனால் மிளிரி என்று எங்கள் பாடநூல்கள் வழங்கும் இச்சொல் எனக்கு எப்போதும் உவப்பானது, அயல்நாட்டுத் தமிழர் பற்சிப்பி என்பர், அதுவும் அழகே.) கல்சியமும் பொசுபேற்றும் கூடிய நுண்பளிங்குகளால் ஆனது அது. நாம் உண்ணும் இனிப்பைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் அமிலத்தைச் சுரக்க, அவ்வமிலம் மிளிரியைக் கரைக்கின்றது. உமிழ்நீர் கரைந்ததை மீண்டும் நிரப்ப முயல்கின்றது. அந்த நிரப்பும் வேலையின்போது அருகே சிறிதளவு புளோரைட்டு இருந்தால், புதிதாய்ப் படியும் பளிங்கு முன்னையதிலும் அமிலத்துக்கு நின்றுபிடிக்கும். நன்மை இது. தீமையோ, பல் முளைப்பதற்கு முன்பே, ஈறுக்குள்ளே அது உருவாகும் பருவத்தில் நிகழ்வது. பிறந்தது முதல் எட்டு வயது வரையில் குழந்தை மிகுதியான புளோரைட்டை விழுங்கினால், மிளிரி முற்றாக இறுகாமல் நுண்துளைகளோடு உருவாகின்றது. முளைக்கும்போது அது சுண்ணக்கட்டிபோல் வெளிறித் தோன்றும். நாளடைவில் அத்துளைகளிலே நிறம் ஏறிப் பழுப்பாகும். ஆகவே அந்தக் கறை பல்லின் மேல் ஒட்டிய அழுக்கன்று. செங்கற்றூளாலும் கரியாலும் அதனைப் போக்கவே முடியாது. நானும் அக்கிணற்று நீரை மூன்று ஆண்டு குடித்தேன். என் பற்களுக்கு ஒன்றும் நேரவில்லை. என் பருவம் கடந்திருந்தது என்பது தவிர வேறு காரணமில்லை.

வவுனியாவிலும் அநுராதபுரத்திலும் இருப்பது எங்கள் வடமராட்சியில் ஏன் இல்லை? பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவியியலறிஞர் திசாநாயக்க அவர்களும் வீரசூரிய அவர்களும் 1985இல் வெளியிட்ட இலங்கை நீர் இரசாயனப் படத்தொகுதி இதற்கு விடை தருகின்றது. உலர்வலயத்தின் அடியிலே கிடப்பன மிகத் தொன்மையான பளிங்குருப் பாறைகள். அவற்றிலுள்ள சில கனியங்களிலிருந்து புளோரைட்டு மெல்ல மெல்ல நீரிற் கரைகின்றது. மழை மிகுந்த தென்மேற்கிலே அது கழுவுண்டு போய்விடும். வறண்ட வன்னியிலோ நீர் ஆவியாக, எஞ்சியது செறிகின்றது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் மேல் அமர்ந்த நிலம். கல்சியம் மிகுந்த நீரில் புளோரைட்டு அதனோடு கூடிப் படிந்துவிடும் இயல்புடையது. எங்கள் கிணறுகளுக்கு வேறு துன்பங்கள் உண்டு: கடலோரத்தில் உவர், தோட்டங்களில் அளவிறந்து இட்ட பசளையால் நைத்திரேற்று. அவை தனிக் கட்டுரைக்கு உரியன.

பழைய வன்னிக் குடிகள் குளத்தையும், குளத்தோரத்து ஆழமில்லாக் கிணற்றையும் நம்பி வாழ்ந்தவர்கள். மழைநீர் தேங்கிய குளத்தில் புளோரைட்டு பொதுவாகக் குறைவு. பின்னாளிலே நல்லெண்ணத்தோடு ஆழமாகத் துளைத்த குழாய்க் கிணறுகள், கிருமியற்ற தெளிந்த நீரைத் தந்தன. பாறையோடு நெடுங்காலம் உறவாடிய அந்நீர் பல இடங்களிற் புளோரைட்டையும் கூடவே கொண்டுவந்தது. கண்ணுக்குத் தெளிவு, நாவுக்குக் குற்றமில்லை. பிள்ளையின் பல் முளைத்த பின்புதான் செய்தி தெரியும்.

பல்லோடு நின்றுவிடுமானால் இதனை அழகுக் குறை என்று விட்டுவிடலாம். அப்படி நிற்பதில்லை. 1937இல் சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், ஷோர்ட் என்பவரும் அவர்தம் துணைவரும் கண்டெழுதியது நெஞ்சை வருத்துவது. நெடுங்காலம் மிகுந்த புளோரைட்டு நீரைக் குடித்த உழவர்களின் முதுகெலும்பு இறுகிக் கழுத்தும் முதுகும் வளையாமல் மரம்போல் நின்றன. தமிழ்நாட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் நீண்டகாலம் இத்துன்பத்துக்கு ஆளானவை. யப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் குழாய்வழி கொணரும் திட்டம் 2013இல் அங்கே தொடங்கி வைக்கப்பட்டது. ஓர் ஆற்றையே திருப்ப வேண்டியிருந்தது என்றால் துன்பத்தின் அளவை உணரலாம்.

இனி மறுபுறம். அமெரிக்கப் பல்வைத்தியர் டீன் என்பார் ஊர் ஊராக ஆராய்ந்து, இலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் கறையும் பெரிதில்லை, சூத்தையும் குறைவு என்று கண்டார். அதன்மேல் 1945 சனவரியில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் குடிநீரிற் புளோரைட்டைக் கலந்தது. உலகில் முதலாவது அதுவே. என் பேரன் வளரும் ரொறன்ரோ நகரில் 1963 முதல் கலக்கிறார்கள். ஒரு நாட்டார் நீரிலிருந்து எதனை நீக்கப் பாடுபடுகின்றனரோ, அதனையே இன்னொரு நாட்டார் விலைகொடுத்து வாங்கி நீரிலே விடுகின்றனர்! முரணென்று தோன்றினும் முரணில்லை; அளவுதான் வேறு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த மேலெல்லை இலீற்றருக்கு 1.5 மில்லிகிராம். எங்கள் போன்ற வெப்ப நாட்டில் மக்கள் அதிகம் நீர் குடிப்பதால் அதுவும் கூடுதலே, 0.8 அளவோடு நிற்பது நலம் என்று 1992இல் இலங்கை ஆய்வொன்று கூறிற்று. கலப்பது பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைட்டு குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவோடு தொடர்புடையது என்று 2024இல் அமெரிக்க அரச நச்சியல் அறிக்கை ஒன்று கூறியது. 2025இல் யூற்றா மாநிலம் கலப்பதைத் தடைசெய்தது. அதே ஆண்டிலே, முன்பு நிறுத்திய கனடாவின் கல்கரி நகரம் மீண்டும் கலக்கத் தொடங்கியது. என் கருத்தைக் கேட்டால், நீரைப் பரிசோதிக்காமல் இருபுறத்திலும் முழங்குவோரை நான் நம்புவதில்லை.

யாழ்ப்பாணத்தார்க்கு இதில் என்ன என்று கேட்கலாம். வெறுந்தேநீரோடு பனங்கட்டி கடிக்கும் குலம் நாம். தேயிலையிலே புளோரைட்டு உண்டு. பனங்கட்டி செய்வதை அது முற்றாகத் தடுக்குமென்று எவரும் தேறியிருக்க வேண்டா. பிள்ளைகளின் கையில் இன்று பனங்கட்டியும் இல்லை, நாள் முழுவதும் சொக்கலேற்றும் இனிப்புப் பானமும். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் புகழ்ந்த முதுமொழியை மேடையில் முழங்குகிறோம். பிள்ளை படுக்கைக்குப் போகுமுன் பல்துலக்கினானா என்று பார்ப்பதில்லை. புளோரைட்டுச் சேர்ந்த பற்பசை நல்லது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், ஆறு வயது வரையில் ஒரு பயறளவும் போதும். விழுங்கவிடாது துப்பச் செய்தல் வேண்டும். துப்பியபின் நீரால் நன்கு கொப்புளித்தால் மருந்தும் போய்விடும்.

வன்னியிலோ முதல்வேலை நீரைச் சோதிப்பது. கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்னும் எண்ணம் இங்கே செல்லாது; கொதிப்பில் நீர் வற்றப் புளோரைட்டு செறியுமேயன்றிக் குறையாது. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுப் படியவைக்கும் முறை இந்தியாவில் நல்கொண்டா என்னும் பெயரால் வழங்குகின்றது. இலங்கையிலே பத்மசிரி என்னும் அறிஞர் வீட்டுக்கு வீடு செய்துகொள்ளத்தக்க எளிய வடிகட்டி ஒன்றை வகுத்தார். அதனுள் நிரப்பும் பொருள் யாதெனில், உடைத்த செங்கற்றுண்டுகள். அதை வாசித்த அன்று நூலை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் முற்றத்தில் இருந்தேன்.

அந்த மாணவனைச் சென்ற ஆண்டு வவுனியா பேருந்து நிலையத்தில் கண்டேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டார். "சேர்" என்று எழுந்து நின்றார். தலை நரைத்த கமக்காரர்; சிரிக்கும்போது வலக்கையால் வாயை மறைக்கிறார். நான் பழைய கதையைத் தொடங்கி மன்னிப்புக் கேட்க முயன்றேன். "அதை விடுங்கோ சேர், அந்தப் பேச்சு எனக்கு இன்னும் பாடம்" என்றார். பேசாத பேச்சு. பேரப்பிள்ளைகளுக்குச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரைக் கானில் வாங்குகிறாராம். தமக்கு மட்டும் பழைய கிணறுதானாம்.

"யாழ்ப்பாணத்துக்குக் கடல் தண்ணியைச் சுத்தப்படுத்திக் குடுக்கினமாமே?" என்று கேட்டார். ஆம், 2024இல் தாளையடியில் திறந்தார்கள் என்றேன். நுண்சவ்வினூடே அழுத்தித் தள்ளும்போது உப்போடு புளோரைட்டும் பெரும்பாலும் நீங்கிவிடும் என்றும் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். "அப்ப உங்கடை பிள்ளையளுக்குப் பற்பசை தவறாமல் வேணும்" என்றார். அதற்குள் அவருடைய பேருந்து வந்துவிட்டது.