கோபம் ஆற எவ்வளவு நேரம்?

1952 ஆகஸ்ட் மாதக் கடைசி. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட போட் மெயில் மானாமதுரையை நெருங்கியபோது ஒரு பெட்டியில் துர்நாற்றம் தாங்க முடியவில்லை. அங்கே கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே தலையில்லாத ஆணுடல். தலை பிறகு ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவைதான் என்று சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவர் சி.பி. கோபாலகிருஷ்ணன் உறுதிசெய்தார். இறந்தவர் ஆளவந்தார். ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, சைனா பஜார் பக்கம் பேனா வியாபாரம் செய்தவர். பிரபாகர மேனன் என்பவரும் அவருடைய மனைவியும் கைதானார்கள்.

தமிழ்நாட்டில் தலைமுறை தாண்டியும் பேசப்பட்ட வழக்கு இது. ஆனால் பேசியவர்களில் பலருக்கு அந்தத் தலையும் பெட்டியும் நினைவிருக்கும், தீர்ப்பு நினைவிருக்காது. 1953 ஆகஸ்டில் மேனனுக்குக் கிடைத்தது 7 ஆண்டுச் சிறை. அவர் மனைவிக்கு 3 ஆண்டு. தூக்கும் இல்லை, ஆயுளும் இல்லை. உடலை வெட்டி ரயிலில் ஏற்றிவிட்டு, பம்பாய் வரை போய்விட்ட ஒருவருக்கு இவ்வளவுதானா தண்டனை?

விடை, சட்டம் மனிதனின் கோபத்தைப் பார்க்கும் விதத்தில் இருக்கிறது. ஆளவந்தார் மேனனின் மனைவியிடம் நடந்துகொண்ட விதம் மேனனுக்குள் மூட்டிய ஆத்திரத்தை நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயரின் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

மெக்காலே எழுதிய வரைவிலிருந்து பிறந்து 1860இல் சட்டமான இந்திய தண்டனைச் சட்டம், உயிரைப் பறித்த எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அதன் 300ஆவது பிரிவு கொலை என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, உடனே சில விதிவிலக்குகளையும் தந்தது. அவற்றில் முதலாவது இதுதான்: கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலால் தன் கட்டுப்பாட்டை இழந்து ஒருவர் கொன்றுவிட்டால் அது கொலையாகாது. ‘கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம்’ என்ற அடுத்த படிக்கு இறங்கிவிடும். மரண தண்டனை என்ற பேச்சே அதன்பின் கிடையாது. இந்தப் படியில் நின்றவர்கள் யார், அதை எட்ட முடியாதவர்கள் யார் என்று பார்த்தால் இந்திய நீதித்துறையின் முகம் நன்றாகவே தெரிகிறது.

இந்த விதிவிலக்குக்கு நீதிமன்றங்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது பம்பாய் வழக்கு ஒன்றை. 1959 ஏப்ரல் 27. கடற்படை கமாண்டர் கவாஸ் மானெக்‌ஷா நானாவதியிடம், பிரேம் அகுஜாவுடன் தனக்கு உறவிருப்பதாக அவர் மனைவி சில்வியா ஒப்புக்கொண்டார். நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் மெட்ரோ தியேட்டரில் இறக்கிவிட்டார். கப்பலுக்குப் போனார். பொய்க் காரணம் சொல்லி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கினார். அகுஜாவின் அலுவலகத்துக்குப் போய்த் தேடினார். அங்கே இல்லை என்றதும் அவர் வீட்டுக்குப் போனார். மூன்று குண்டுகள். பிறகு தானே சரணடைந்தார்.

ஜூரியில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் ‘குற்றவாளி இல்லை’ என்றார்கள். கொலைக் குற்றத்திலிருந்து மட்டுமல்ல, அதற்கு அடுத்த படியிலிருந்தும் விடுவித்துவிட்டார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் 1960 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

நீதிபதி சுப்பா ராவ் எழுதிய அந்தத் தீர்ப்பு கடிகாரத்தைப் பார்க்கிறது. நானாவதி வீட்டிலிருந்து கிளம்பியது பிற்பகல் 1.30. அகுஜா இறந்தது 4.20. ஏறக்குறைய மூன்று மணி நேரம். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள அது போதுமான நேரம் என்றது நீதிமன்றம். இடையில் துப்பாக்கி கேட்டு வாங்கும் அளவுக்கு அவருக்கு நிதானம் இருந்திருக்கிறது. குடும்பத்தின் எதிர்காலத்தைப் பற்றிக்கூட யோசித்திருக்கிறார். ஆகவே இது திட்டமிட்ட கொலை. இந்தத் தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அதே தீர்ப்பில், அதிகம் பேசப்படாத இன்னொரு கருத்தும் இருக்கிறது: இறந்தவர் முன்பு செய்த செயல்கள் கொன்றவரின் மனத்தில் ஏற்படுத்தியிருந்த பின்னணியையும் கருத்தில் கொள்ளலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துச் சென்னையில் இதற்கு வேலை வருகிறது.

நானாவதி அதிக காலம் சிறையில் இல்லை. பிளிட்ஸ் வார இதழ் வாரா வாரம் அவருக்காக எழுதியது. கடற்படையும் பார்சி சமூகமும் அவர் பின்னால் நின்றன. 1964இல் ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அவர் குடும்பத்துடன் கனடாவில் குடியேறினார். இந்த வழக்குதான் இந்தியாவில் ஜூரி முறையை ஒழித்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மையல்ல. ஜூரியைக் கைவிடலாம் என்று சட்ட ஆணையம் தன் 14ஆவது அறிக்கையில் 1958இலேயே, அதாவது நானாவதி சுடுவதற்கு முந்தைய ஆண்டே, சொல்லிவிட்டது. 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோதுதான் ஜூரி முறை குற்ற வழக்குகளிலிருந்து முற்றாக மறைந்தது.

சரி, கோபம் உண்மையிலேயே நேரம் போகப் போக ஆறிவிடுமா? நீதிமன்றங்கள் அப்படித்தான் கருதின. இங்கிலாந்தில் 1949இன் டஃபி வழக்கில் நீதிபதி டெவ்லின் வகுத்த இலக்கணமும் ‘திடீரென்று, தற்காலிகமாக’ கட்டுப்பாட்டை இழப்பதையே கேட்டது. உளவியல் வேறொன்று சொல்கிறது. பிராட் புஷ்மன் என்ற ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட சோதனை ஒன்று பிரபலமானது. கோபமூட்டப்பட்டவர்களில் ஒரு பிரிவினர், கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தினார்கள். அவர்களுடைய கோபம் தணியவில்லை, கூடியது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களே அமைதியாக இருந்தார்கள். மனத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கப்படும் அவமானத்துக்கு மூன்று மணி நேரம் மருந்தாவதில்லை. உமிக்குள் வைத்த நெருப்பைப் போல அது உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும்.

இதனால் நானாவதியை விட்டுவிட்டிருக்க வேண்டும் என்பதல்ல வாதம். யோசிக்க நேரம் இருந்தது, யோசித்தார், சுட்டார். அதற்கு அவர் பொறுப்பு. சட்டத்தின் கடிகாரம் ஒரு வகைக் கோபத்தை மட்டுமே அளக்கத் தெரிந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கண்ணால் கண்டதும் கையிலிருப்பதை எடுத்து வெட்டுகிற கோபம் அது. பெரும்பாலும் உடல் வலிமையுள்ளவனின் கோபம். தினமும் அடிவாங்கும் பெண் அடி விழும் அந்த நொடியில் திருப்பி அடிப்பதில்லை. அடித்தால் இன்னும் மோசமாக அடி விழும் என்று அவளுக்குத் தெரியும். அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் வெளியிட்ட நூலில் விவரித்த சுழற்சி இதுதான்: பதற்றம் ஏறுவது, அடி, பிறகு மன்னிப்பும் கொஞ்சலும், மறுபடி பதற்றம். அந்தச் சுழலில் ஆண்டுக்கணக்கில் கிடப்பவளுக்குக் ‘கடைசி அடி’ என்று தனியாக ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது.

1989இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு பெண்ணின் மேல்முறையீடு வந்தது. கணவனின் கொடுமை தாங்காமல் குழந்தைகளுடன் கிணற்றில் குதித்த பெண் அவர். குழந்தைகள் இறந்துபோயின, அவர் பிழைத்துக்கொண்டார். பிழைத்ததனால் கொலைக் குற்றவாளியானார்.

தமிழ் மண்ணில் இந்தக் கதைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்கு ஏழு பிள்ளைகளோடு போய், அண்ணியால் அவமதிக்கப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்துவிட்டுத் தானும் விழுந்த நல்லதங்காள். வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. உயர் நீதிமன்றம் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு, இந்த மனநிலையை ‘நல்லதங்காள் சின்ட்ரோம்’ என்று தீர்ப்பில் குறிப்பிட்டது. திடீர் ஆத்திரமூட்டல் என்று எதையும் அங்கே காட்ட முடியாது. ஆனால் நீடித்த ஆத்திரமூட்டல் இருந்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, கொலைக் குற்றத்தைக் குறைத்தது. சட்டப் பிரிவில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. பாதிக்கப்பட்ட மனத்தின் பின்னணியைப் பார்க்கலாம் என்று 1961இல் திறந்துவைக்கப்பட்ட கதவு வழியாகத்தான் அந்தத் தாய்க்கு இந்த நியாயம் வந்து சேர்ந்தது. இந்தியக் குற்றவியல் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொடுத்த மிக மனிதத்தன்மையுள்ள கொடைகளில் ஒன்று என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அதே 1989இல் இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண், பத்தாண்டுகள் தன்னைச் சித்திரவதை செய்த கணவனைத் தூக்கத்தில் தீவைத்துக் கொன்றார். முதலில் ஆயுள் தண்டனை. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு அவருக்காகப் போராடியது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அவருடைய மனநிலை பற்றிய மருத்துவச் சான்றுகள் முதல் விசாரணையில் வைக்கப்படவே இல்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். அவர் விடுதலையானார். இங்கிலாந்து அதோடு நிற்கவில்லை. 2009இல் இயற்றி 2010இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தில், கட்டுப்பாட்டை இழப்பது திடீரென்று நிகழ வேண்டியதில்லை என்று எழுதியது. துணையின் பாலியல் துரோகம் கொலைக்கான சாக்காகாது என்றும் எழுதியது. ஆணின் பொறாமைக்குக் கிடைத்துவந்த சலுகையை எடுத்துவிட்டு, அடிபட்ட பெண்ணின் அச்சத்துக்கு இடம் கொடுத்தது.

நம் நாட்டில் மனநிலை பற்றிய வாதத்துக்குச் சட்டத்தில் உள்ள வாசல் மிகக் குறுகியது. தான் செய்வது இன்னது என்றோ, அது தவறு என்றோ அறியமுடியாத அளவுக்குப் புத்தி பேதலித்திருந்தால் மட்டுமே விடுதலை. 1843இல் இங்கிலாந்தில் வகுத்த மக்நாட்டன் விதியின் வாரிசு அது. பேதலிப்புக்கும் தெளிவுக்கும் நடுவே நொறுங்கிக் கிடக்கும் மனங்களுக்கு ‘குறைந்த பொறுப்பு’ என்ற பிரிவு இங்கே இல்லை. 2022இல் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை விதிப்பதற்கு முன் குற்றவாளியின் உளவியல் மதிப்பீட்டையும் வாழ்க்கைப் பின்னணியையும் விசாரணை நீதிமன்றம் பெற வேண்டும் என்றது. நல்ல முன்னேற்றம். ஆனால் அது தூக்கு மேடையின் வாசலில் நிற்பவர்களுக்கு மட்டும். ஆயுள் தண்டனையில் முடியும் வழக்குகளில் அந்த மனத்தை யாரும் கேட்பதில்லை.

நீடித்த ஆத்திரமூட்டலை ஏற்றால் ஆபத்தும் உண்டு என்று சில வழக்கறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். வேறு சாதியில் மணம் முடித்த மகளை வெட்டும் தகப்பனும் ‘பல மாதமாக மனம் கொதித்தது’ என்று சொல்வானே? நியாயமான பயம். அதுவும், ஆத்திரமூட்டலை அளக்க ‘குற்றம் சாட்டப்பட்டவர் வாழும் சமூகத்தைச் சேர்ந்த, நியாயமான மனிதர்’ ஒருவரை அளவுகோலாகக் கொள்ளச் சொன்னது நானாவதி தீர்ப்புதான். அந்தச் சமூகம் என்பது சாதிப் பஞ்சாயத்தாகிவிடக் கூடாது. ஆனால் கோடு கிழிப்பது கடினமல்ல. வயதுவந்த பெண் விரும்பியவரை மணப்பது அவளுடைய உரிமை; உச்ச நீதிமன்றம் 2006இலும் 2018இலும் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒருவர் தன் உரிமையைப் பயன்படுத்துவது இன்னொருவருக்கு ஆத்திரமூட்டல் ஆகாது. தினம் தினம் அடிப்பதும் பட்டினி போடுவதும் யாருடைய உரிமையும் அல்ல.

இதைவிடப் பெரிய தடை, நிரூபிக்க வேண்டிய சுமை. விதிவிலக்கைக் கோருபவரே அதை நிறுவ வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். நானாவதியால் முன்னணி வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள முடிந்தது. சட்ட உதவி வழக்கறிஞரை விசாரணைக்கு முந்தைய நாள் முதன்முறையாகப் பார்க்கும் பெண் பத்தாண்டுக் கொடுமையை எதை வைத்துக் காட்டுவாள்? அவள் புகார் கொடுக்கப் போயிருப்பாள். ‘குடும்ப விஷயம், பேசித் தீத்துக்கோங்க’ என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள். மகளிர் காவல் நிலையங்கள் 1992 முதல் இங்கே இருக்கின்றன. அங்கும் பல மனுக்கள் எஃப்.ஐ.ஆர். ஆகாமல் சமரசத்திலேயே முடிகின்றன. ஆஸ்பத்திரியில் கேட்டபோது படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருப்பாள். கொலை நடந்தபின் போலீஸ் ஆயுதத்தைத் தேடும், ரத்தக்கறையைத் தேடும், அந்தப் பத்தாண்டுகளைத் தேடாது. குற்றப்பத்திரிகை கொலைப் பிரிவில் தாக்கலாகும். உயர் நீதிமன்றம் வரை போகிறவர்களுக்கே நல்லதங்காளின் நியாயம் எட்டும். அதற்குள் சிறையில் பல ஆண்டுகள் போயிருக்கும்.

2024 ஜூலை 1 அன்று பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. காலனியச் சட்டத்தைக் களைகிறோம் என்று சொல்லியே அது கொண்டுவரப்பட்டது. 300ஆவது பிரிவு 101 ஆனது, 302 என்பது 103 ஆனது. முதல் விதிவிலக்கில் ‘கடுமையான, திடீர்’ என்ற சொற்கள் 1860இல் இருந்தபடியே இருக்கின்றன. நீடித்த ஆத்திரமூட்டல் என்று நம் நீதிமன்றமே கண்டுசொன்னதை ஒரு வரியாகச் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு அருமையான வாய்ப்பு இருந்தது. அது நழுவிவிட்டது. திருத்தம் ஒன்று கொண்டுவர இப்போதும் தடையில்லை. தமிழ்நாட்டு எம்.பி.க்கள் இதை எழுப்ப வேண்டும்.

அதுவரை, வன்முறைக்குள் வாழும் பெண்களுக்கும் அவர்களை அறிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடிபட்டால் அரசு மருத்துவமனையில் உண்மைக் காரணத்தைச் சொல்லி ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். எனும் மனு ஏற்பு ரசீது வாங்காமல் வராதீர்கள். ஒரு உயிர் போவதற்கு முன்பே வெளியேற வழி தேட, பெண்கள் உதவி எண் 181. இலவச சட்ட உதவிக்கு 15100.