அடைக்கும் முன் ஓட்டையை ஏன் பெரிதாக்க வேண்டும்?

ஃபைபர் படகில் உள்ளங்கை அளவு ஓட்டை விழுந்தால், அடைப்பதற்கு முன் சுற்றிலும் இன்னும் அகலமாகத் தேய்த்தெடுப்பார்கள். நல்ல இடத்தையும் கெடுப்பதாகத் தோன்றும். காரணம் ஒட்டும் விதத்தில் இருக்கிறது.

படகு கட்டும்போது முந்தைய அடுக்கின் பாலியெஸ்டர் ரெசின் முழுதாக இறுகும் முன்பே அடுத்தது ஏறுவதால், அடுக்குகள் வேதிப்பிணைப்பால் ஒன்றாகின்றன. ஆண்டுகள் கழித்துப் போடும் ஒட்டுக்கு அந்த வசதி கிடையாது. பழைய பரப்பின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் அது நிற்க வேண்டும். ஆகவே பிடிப்பதற்கு நிறைய இடம் வேண்டும். படகுச் சுவரின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக இழைப்பது பொதுவான கணக்கு: 6 மி.மீ. கனத்துக்குச் சுற்றிலும் 72 மி.மீ. ஓரத்தைச் செங்குத்தாக விட்டால், அலை மோதும்போதெல்லாம் விசை அந்த ஒரே கோட்டில் குவிந்து ஒட்டு பெயர்ந்துவிடும்.

தேய்த்த இடத்தை அசிட்டோனால் துடைத்து, கண்ணாடியிழைப் பாயை வைத்து, ரெசினைப் பிரஷ்ஷால் குத்தி ஊறவைத்து, ரோலரால் காற்றுக்குமிழை விரட்ட வேண்டும். வெள்ளைப் பாய் ஊறியதும் தெளிந்து நிறம் மாறும். வெளுப்பு மிஞ்சினால் அங்கே ரெசின் இறங்கவில்லை.

ரெசினை இறுகவைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட் பொதுவாக 1 முதல் 2 சதவீதம் போதும். இறுகும்போது ரெசின் தானே சூடாகும். ஒரேயடியாகக் கனமாக ஏற்றினால் விரிசல் விடும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிய பிறகே கேட்டலிஸ்டை ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கக்கூடும்.

பாலியெஸ்டருக்குப் பதிலாகப் பயன்படுத்தும் எப்பாக்ஸி ரெசினின் பிடிப்பு இன்னும் வலுவானது. ஆனால் சாதாரணப் பாயின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசையைக் கரைக்கும் ஸ்டைரீன் அதில் இல்லை; அதற்கு நெய்த கண்ணாடியிழைத் துணியே பொருந்தும்.