பெயரில் கிடைக்காதவரை முகவரியில் தேடுதல்

அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மூலப் படிவங்கள், தனிமனிதர் விவரங்களை 72 ஆண்டுகளுக்கு வெளியிடலாகாது என்ற விதிப்படி பூட்டிவைக்கப்பட்டு, 2012 ஏப்ரல் 2 அன்று அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தால் இணையத்தில் வெளியிடப்பட்டபோது, அவற்றுக்குப் பெயர் அகரவரிசை எதுவும் இல்லாததால், முன்னோரைத் தேடியவர்களுக்கு முகவரி ஒன்றே துணையாயிற்று. அகரவரிசைகள் பின்னர் வந்துவிட்டன என்றாலும், போலந்துக்காரர், இத்தாலியர் போன்றோரின் பெயர்களைக் கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதியிருக்க, அந்தக் கையெழுத்தைப் படியெடுத்தவர்கள் மேலும் பிழையாக வாசித்திருக்கும் இடங்களில், இன்றும் முகவரிவழித் தேடலே கைகொடுக்கிறது.

இத்தேடலின் அடிப்படை அலகு கணக்கெடுப்பு வட்டம். அதாவது, ஒரே கணக்கெடுப்பாளர் குறித்த கெடுவுக்குள், 1940இல் நகரமாயின் இரண்டு வாரத்துக்குள், சுற்றி முடிக்கத்தக்க தெருக்களின் தொகுதி. குடியிருந்தோரின் பெயர், தொழில், முகவரி ஆகியவற்றை அச்சிட்ட நகரக் கையேடுகளிலிருந்தோ, இராணுவப் பதிவு அட்டையிலிருந்தோ தெருவையும் கதவு எண்ணையும் அறிந்துகொண்டு, அத்தெரு எந்த வட்டத்தில் அடங்கியது என்பதை வட்ட வரைபடங்களில் காண வேண்டும். (8086 என்ற கணினிச் சில்லை வடிவமைத்த ஸ்டீபன் மோர்ஸ், இப்பணிக்கென இலவச இணையக் கருவிகளை ஆக்கித் தந்திருப்பது பெரும் உபகாரம்.) அதன்பின் வட்டத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும்: இடது ஓரத்தில் தெருப்பெயர் செங்குத்தாகவும், அதையடுத்துக் கதவு எண்ணும், பின்னர் குடும்பத்தாரின் பெயர்களும் இருக்கும், விவரம் சொன்னவரின் பெயருக்கு அருகே வளையத்துக்குள் ஒரு பெருக்கல் குறி காணப்படும். உரிய இடத்தில் வீடு தென்படாவிட்டால் தேடலைக் கைவிடலாகாது. முதல் முறை சென்றபோது ஆளில்லாத வீடுகள், 61ஆம் எண்ணில் தொடங்கும் தனித் தாள்களில் வட்டத்தின் இறுதியில் சேர்க்கப்பட்டுள்ளன. பக்கத்து வீடுகளையும் படிப்பது அவசியம். மணமான மகள் அடுத்த வீட்டில் கணவர் பெயரின்கீழ்ப் பதிவாகியிருந்தால், பெயர்வழித் தேடலில் அவர் எளிதில் அகப்படமாட்டார்.

முகவரியும் மாறக்கூடியதே. சிகாகோ நகரம் 1909இல் தன் கதவு எண்களைப் பெரும்பாலும் மாற்றியமைத்து, ஸ்டேட், மேடிசன் தெருக்கள் சந்திக்கும் இடத்தைத் தொடக்கமாகக் கொண்டு புதிதாக எண்ணிட்டது. நகர மையத்தின் எண்கள் 1911இல் மாறின. ஆகவே ஒரே வீட்டில் தொடர்ந்து வாழ்ந்த குடும்பமும் 1900, 1910 கணக்கெடுப்புகளில் வெவ்வேறு எண்களில் காணப்படலாம். சென்னைவாசிகளுக்குப் பழகிப்போன 'பழைய எண், புதிய எண்' சிக்கலே இது. பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணைத் தெருவாரியாகக் காட்டும் கையேடு 1909இலேயே அச்சாகியிருப்பதால், சிகாகோக் குடும்பங்களை ஆராய்வோர் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், குடும்பம் இடம்பெயர்ந்துவிட்டது என்று முடிவுகட்டலாகாது.