‘ஆ’ என முடியும் பெயர்கள்

பிறந்த ஏழாம் நாளில் குழந்தைக்குப் பெயர் சூட்டி அகீகா கொடுப்பது நபிவழி என்பதை நாம் அறிவோம். அந்நாளுக்கு முன் பல வீடுகளில் எழும் கேள்வி இது: “மூத்தவள் ஆயிஷா, அடுத்தவள் ஹஃப்ஸா. இவளுக்கும் ‘ஆ’ என்று முடிகிற பெயராகச் சொல்லுங்கள்!” இந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால், தமிழில் ஒரே ஓசையாக ஒலிக்கும் அந்த ‘ஆ’வுக்குள் அரபு மொழியின் மூன்று வெவ்வேறு முடிவுகள் மறைந்திருக்கின்றன.

முதலாவது, ‘தா மர்பூத்தா’. வட்டமான ‘ஹா’வின் தலையில் இரு புள்ளிகள் இட்ட எழுத்து, பெரும்பாலும் பெண்பாலைக் குறிக்கும். பால்குடியை மறக்கச் செய்பவள் பாத்திமா, வாழ்பவள் ஆயிஷா, நற்பேறு பெற்றவள் மைமூனா, தேர்ந்தெடுக்கப்பட்ட தூயவள் ஸஃபிய்யா. நிறைமாதத்துக்கு முன் பிறந்தவள் என்பதே கதீஜா என்னும் சொல்லின் வேர்ப்பொருள். அகராதிப் பொருளால் அன்று, அன்னை கதீஜா (ரலி) அவர்களால் உயர்ந்த பெயர் அது.

இவ்வெழுத்தில் முடிந்தும் ஆண்களுக்குரிய பெயர்களாக விளங்குபவை ஹம்ஸா, தல்ஹா, உஸாமா, ஹுதைஃபா, இக்ரிமா முதலியன. உஸாமா சிங்கத்தைக் குறிக்கும். தல்ஹா முள்மரம் ஒன்றின் பெயர். இக்ரிமா என்றால் பெண்புறா! அபூஜஹ்லின் மகனாகிய இக்ரிமா (ரலி) கி.பி. 630-இல் மக்கா வெற்றிக்குப் பின் இஸ்லாத்தைத் தழுவியபோதும் அப்பெயரே நிலைத்தது.

பாரசீகம், உர்து வழியாக வந்த பெயர்களில் இதே எழுத்து ‘த்’ என ஒலிக்கும். நம்மிடையே வழங்கும் ரஹ்மத், பரக்கத், நுஸ்ரத் ஆகியவை அவ்வாறு வந்தவையே.

இரண்டாவது, ‘அலிஃப் மக்ஸூரா’. ஸல்மா, லைலா, லுப்னா ஆகிய பெண் பெயர்களும் மூஸா, ஈஸா, யஹ்யா ஆகிய நபிமார்களின் பெயர்களும் இதில் முடிகின்றன. யஹ்யா என்னும் பெயர் அதற்கு முன் எவருக்கும் சூட்டப்படவில்லை என்று மர்யம் அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் கூறுகிறது.

மூன்றாவது, நீண்ட அலிஃபை அடுத்து வரும் ‘ஹம்ஸா’ என்னும் எழுத்து. ஹவ்வா, அஸ்மா, ஸஹ்ரா, நிஸா ஆகியன இவ்வகை. ‘நிஸா’ என்றால் பெண்கள் என்பதே பொருள். கமருன்னிஸா என்றால் பெண்களுள் நிலவு. அழைப்பதற்கு எளிதென்று வெறும் ‘நிஸா’ என நாம் சுருக்கும்போது நிலவு போய்விடுகிறது!

இறுதி எழுத்தைவிடக் கவனம் தேவைப்படுவது முதலிலும் இடையிலும் நிற்கும் எழுத்துகளில்தான். ‘ஸனா’ என்பதை ஸீன் கொண்டு எழுதினால் ஒளி. நாநுனியைப் பல்லிடை வைத்து ஒலிக்கும் ‘ஸா’ கொண்டு எழுதினால் புகழுரை. இரண்டும் நற்பொருளே, எனவே இடரில்லை. ‘ஆசியா’வின் நிலை அவ்வாறன்று. அலிஃபும் ஸீனும் கொண்டு எழுதினால், நோய்க்கு மருந்திடுபவள் என்று பொருள். ஈமானுக்காகத் துன்பம் ஏற்ற ஃபிர்அவ்னின் மனைவியாருக்கு ஹதீஸ்களில் வரும் பெயர் இதுவே. ஐனும் ஸாதும் கொண்டு எழுதினாலோ ‘மாறு செய்பவள்’ என்றாகிவிடும். உமர் (ரலி) அவர்களின் மகளார் ஒருவருக்கு இப்பெயர் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதை மாற்றி ஜமீலா எனச் சூட்டியதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அரபியில் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரு பெயர்கள் தமிழெழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதிவந்த காலத்தில் இக்குழப்பத்துக்கு இடமிருக்கவில்லை.

தீய பொருள் மட்டுமே மாற்றத்துக்குக் காரணமாகவில்லை. ‘பர்ரா’ என்றால் நற்செயல் புரிபவள். தன்னைத் தானே தூய்மைப்படுத்திப் புகழ்வதுபோல் அமைகிறது என்பதால் நபியவர்கள் அதனையும் ஸைனப் என மாற்றினார்கள். அன்னை ஜுவைரிய்யா (ரலி) அவர்களின் முந்தைய பெயரும் பர்ராவே.

எனவே, பெயரைத் தேர்ந்தவுடன் உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் அதன் அரபு எழுத்துகளை எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிவு செய்த பின், 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரையும் பெயரைச் சேர்க்க விதி இடமளிக்கிறது. கேட்டுத் தெளிய அவகாசம் உண்டு. அந்தத் தாளைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்திருங்கள். மதரஸாவில் சேரும் நாளில் உஸ்தாது முதலில் கேட்பது அதைத்தான்.