வயிற்றைத் தொட்டு அளந்த காய்ச்சல்

1847-ஆம் ஆண்டு. டெல்லிக்கு வடக்கே கர்னால் பகுதியில், யமுனைக் கால்வாய் ஓரத்து ஊர்களில் குளிர்காய்ச்சல் மக்களை வாட்டியது. காரணம் கால்வாய்தானா என்று விசாரிக்க ஒரு குழு போனது. அதிலிருந்த மருத்துவர் டெம்ப்ஸ்டர், ஊராரின் இடது விலா எலும்புக்குக் கீழே வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் விட்டுவிட்டு வரும். நீங்கள் போகும் நாளில் நெற்றி குளிர்ந்திருக்கலாம். ஆனால் அடிக்கடி காய்ச்சல் கண்டவருக்கு அந்த இடத்திலுள்ள மண்ணீரல் பெரும்பாலும் பெருத்தே இருக்கும். இந்தக் காய்ச்சலைத் தரும் மலேரியாக் கிருமியை லாவரான் கண்டுபிடித்தது 1880-இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே விரல் நுனியால் நோயைத் தேடியிருக்கிறார்கள்! பிற்காலத்தில் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் பெருத்திருக்கிறது என்று எண்ணியே ஓர் ஊரின் மலேரியாவை அளந்தார்கள்.

மண்ணீரல் ஏன் பெருத்துப்போகிறது? மண்ணீரல் இரத்தத்தைச் சலிக்கும் சல்லடை. சிவப்பணு தன்னைவிடக் குறுகலான இடுக்குகள் வழியே நெளிந்து புகுந்தாக வேண்டும். சுமார் 120 நாள் உழைத்து விறைத்துப்போன கிழட்டு அணுக்களால் அது முடியாது. அவற்றை அங்கேயே காத்திருக்கும் விழுங்கணுக்கள் தின்றுவிடும். மலேரியா வந்தால் கிருமி புகுந்த இளம் அணுக்களும் விறைத்துச் சிக்கிக்கொள்ளும். எதிர்த்துப் போராடும் அணுக்களும் பெருகும். இவ்வளவுக்கும் இடம் வேண்டாமா? பெரியவர்களுக்குச் சுமார் 150 கிராம் இருக்கும் உறுப்பு, பல மடங்கு கனத்துவிடும்.

மலேரியா மட்டுமல்ல, டைபாய்டும் இப்படிச் செய்யும். தலசீமியாவில் சிவப்பணுக்களே குறையோடு பிறப்பதால் சல்லடைக்கு ஓயாத வேலை. கல்லீரல் தழும்பேறி இறுகினால், மண்ணீரலிலிருந்து அங்கே போகும் இரத்தம் வழியடைத்துத் தேங்கும். இரத்தப் புற்றுநோயும் ஒரு காரணம்.

மருத்துவர் உங்களை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது அடிவயிற்றில் தொடங்கி இடது விலாவை நோக்கி மெல்ல அழுத்திக்கொண்டே வருவார். பெருத்த மண்ணீரல் தொப்புள் பக்கமாக வளரும். விலா ஓரத்திலேயே தொடங்கினால் அதன் விளிம்பு கைக்குத் தப்பிவிடும். “மூச்சை நன்றாக இழு” என்பார். உதரவிதானம் கீழே தள்ள, மண்ணீரல் இறங்கி விரலில் முட்டும். ஏறக்குறைய இரண்டு மடங்கானால்தான் இப்படித் தட்டுப்படும் என்பதால், ஸ்கேன் எடுத்து நீளத்தை அளப்பார்கள். காரணத்தை அறிய இரத்தப் பரிசோதனை வேண்டும்.

கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறதா? பெருத்த மண்ணீரல் இரைப்பையை நெருக்கினாலும் அப்படி ஆகலாம். மண்ணீரல் பெருத்த பிள்ளைகளைக் கபடி ஆட வேண்டாம் என்று மருத்துவர் தடுப்பார். விலாக்கூட்டின் காப்பை விட்டு வெளியே வந்த மண்ணீரல் ஓர் அடியில் கிழிந்து, வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கொட்டிவிடலாம்.