மணலில் எழுதிய ஜெர்மானியர்

ஆபீஸ் முடிந்து ஜெர்மன் வகுப்பில் 'டெர், டி, தாஸ்' குழம்பி முழிக்கும்போதெல்லாம் எனக்குச் சீகன்பால்க் ஞாபகம்தான் வரும். சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊர்க்காரர். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். போதிக்க வந்தவர், முதலில் நம்ம ஊர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்து பழகினார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். நம் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய நூலையோ, ஹாலேயில் இருந்த பெரியவர்கள் அச்சேற்றவில்லை, 1867-ல்தான் வெளிவந்தது.

அவர் மதம் நமக்கு உடன்பாடா என்பது வேறு விஷயம். அடுத்தவர் நம்பிக்கையை அவர்கள் மொழியிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாரே!

ஹம் காமாட்சி அம்பாள் தேரன்று ஒரு ஜெர்மன் பாட்டி "இது என்ன?" என்று கேட்டார். விஷயம் எனக்குத் தெரியும், மொழி வரவில்லை. மகளுக்கு மொழி வரும், விஷயம் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்துதான் பதில் சொன்னோம்.